அக்காவின் புத்தகத்தில் விழுந்த பொட்டு

ஐம்பத்தெட்டாம் வருஷமா ஐம்பத்தொன்பதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் மகனுக்கு அப்போது மூன்று வயது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மிளகாய் அரைக்கும் மில்லுக்கு மேலே, மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எனக்குத் துணை மகனும் கதைப் புத்தகங்களும்தான்.

கதைப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை. அந்த வட்டாரத்தில் நாங்கள் நாலு பெண்கள் கூட்டாகச் சேர்ந்து, ஊரிலிருந்து கப்பலில் வரும் ஒரு வாரப் பத்திரிகையை வாங்குவோம். முறை வைத்துச் சண்டையில்லாமல் படித்தோம் என்று சொன்னால் அது பச்சைப் பொய். எல்லோரும் படித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கத்தரித்து எடுத்து வைப்போம். கதை முடிந்ததும் அவற்றை அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் அட்டை ஒட்டிப் புத்தகமாக்கிவிடுவோம். அப்படிச் சேர்த்த நாவல்கள் எல்லாம் அடுத்த சந்தில் இருந்த ஓர் அக்காவின் அலமாரியில் இருந்தன.

அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். புத்தக விஷயத்தில் மகா கறார். பக்கத்தின் மூலையை மடித்தால் போச்சு. வாழைப்பழம் தின்றுகொண்டே படித்துக் கறை பண்ணிய எதிர்வீட்டு அண்ணிக்குத் தீபாவளி வரைக்கும் புத்தகமே கொடுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அக்கா வீட்டு மாடியில் கூடுவோம். அந்த அண்ணி, தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், அக்கா, நான். இப்போது எதைப் படிக்கிறோம், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஒரே வாய்ச்சண்டை. டீச்சருக்கு ராஜா ராணி இருந்தால்தான் அது நாவல். அண்ணிக்குக் கதை கல்யாணத்தில் முடிய வேண்டும். அக்கா இருக்கிற கறாருக்கு ஏதோ தத்துவம் படிப்பார் என்று நினைப்பீர்கள், அவருக்கு உயிர் துப்பறியும் கதை. எனக்கு அழ வைத்தால் போதும்.

சண்டை ஓய்ந்ததும் புது இதழின் தொடர்கதையை நான் வாய்விட்டுப் படிப்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்துப் படிப்பது என் வழக்கம். கீழே லாரிச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். அப்போது வந்துகொண்டிருந்தது, காணாமல் போன கணவனைத் தேடி ஒரு பெண் தனியாகப் படகேறிப் போகும் கதை. படகுக்காரன் நல்லவனா கெட்டவனா என்று யாருக்கும் தெரியாது. அவன் குரலில் நான் பேசத் தொடங்கினால் அக்காவின் ஆறு வயது மகள் என் மடியில் ஏறி, என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பயம் என்பாள், ஆனால் நிறுத்த விடமாட்டாள்.

அந்தச் சமயத்தில் எனக்கு இருமல் இருந்தது. மிளகாய் மில்லுக்கு மேலே குடியிருப்பவள் இருமாமல் என்ன செய்வாள் என்று நானும் விட்டுவிட்டேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். ரவிக்கை தொளதொளவென்று ஆனது. கதை படித்துத் தூக்கம் கெடுத்துக்கொள்கிறாய், அதுதான் இளைத்துவிட்டாய் என்று அண்ணி கிண்டல் பண்ணுவார்.

ஒரு நாள் காலை, மகன் தரையில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் அக்காவிடம் கெஞ்சி வாங்கி வந்த துப்பறியும் நாவலில் கொலைகாரன் யார் என்று தெரியும் இடத்தில் இருந்தேன். இருமல் வந்தது. வாயைப் பொத்துவதற்குள் பக்கத்தின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது.

சிரிக்காதீர்கள். எனக்கு முதலில் வந்த பயம், "ஐயையோ, அக்கா புத்தகமாச்சே" என்பதுதான். முந்தானையால் துடைத்தேன். பொட்டு பரவியது. அதற்குப் பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்பது புத்தியில் உறைத்தது. 

அந்தக் காலத்தில் காசநோயின் பேரைக்கூட உரக்கச் சொல்லமாட்டார்கள். 'அந்தச் சீக்கு' என்பார்கள். எங்கள் வரிசையிலேயே ஒரு தையல்காரருக்கு அது வந்தபோது, வீட்டுச் சொந்தக்காரர் அவர்களுடைய மெத்தையைத் தூக்கித் தெருவில் போட்டதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. மருந்து வந்துவிட்டது, பிழைத்துக்கொள்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். ஆனால் தெருவில் கிடந்த மெத்தைதான் கண்ணுக்குள் நின்றது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "யார்கிட்டயும் மூச்சு விடாதே. ரூம் போயிடும். நாளைக்கு லீவு போட்டு உன்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"அக்கா பொண்ணு ஞாயித்துக்கிழமை முழுக்க என் மடியிலதாங்க இருந்துச்சு" என்றேன்.

எனக்கு என் சாவைவிட அந்தக் குழந்தையின் முகம்தான் பெரிய பயமாக இருந்தது. அதோடு, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற பழக்கம் வேறு எனக்கு. நான் தொட்ட புத்தகங்கள் மூன்று வீடுகளுக்கும் போயிருந்தன. படுத்தால் தூக்கம் எங்கே வரும்?

விடிந்ததும் அவர் தடுத்தும் கேட்காமல் கிளம்பிவிட்டேன். புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுப் படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிட்டேன். அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன புதுசா கீழ நிக்கிறே? ஏறி வா."

"வரலக்கா. இருமுறப்ப ரத்தம் வந்துச்சு. உங்க புத்தகத்துலயும் பட்டுடுச்சு."

சத்தம் கேட்டு அவர் மகள் ஓடி வந்து "சின்னம்மா" என்று கீழே இறங்கப் பார்த்தாள். அக்கா சட்டென்று கையைக் குறுக்கே நீட்டி அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்தக் கையை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன்.

"எத்தனை நாளா இருமல்?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

புத்தகத்தைப் படியில் வைக்கக் குனிந்தேன். "அங்க வைக்காதே. எடுத்துட்டு வீட்டுக்குப் போ" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்கத் தெரிந்துவிடும், வீட்டுச் சொந்தக்காரர் படியேறி வருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். காலடிச் சத்தம் கேட்டபோது மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொண்டேன்.

வந்தது அக்கா. அவர் பின்னால் அண்ணியும் டீச்சரும் தங்கள் பிள்ளைகளோடு நின்றார்கள்.

"கிளம்பு. புள்ளையும் வரட்டும். எல்லாருமே ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "கீழ யாராச்சும் கேட்டா புள்ளைங்களுக்கு அம்மை ஊசி போடப் போறோம். தெரியுதா தம்பி?" என்றார்.

பஸ்ஸில் அக்கா முன்னால் உட்கார்ந்தார். நான் கடைசியில் ஜன்னலோரம், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. வழி நெடுக அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மகளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சீனர். அவர் சொல்வதை ஒரு தமிழ் மிஸி எங்களுக்குச் சொன்னார். நர்ஸை அங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைகளுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போட்டார்கள். ஐஸ் மாதிரி இருந்த தகட்டில் நெஞ்சை வைத்து எல்லோரையும் படம் எடுத்தார்கள். நான் தைரியத்தை வரவழைத்து, எச்சில் தொட்டுப் புரட்டிய புத்தகங்களைப் பற்றிக் கேட்டேன். மிஸி டாக்டரிடம் பேசிவிட்டுத் திரும்பினார்.

"தாள்ல வர்றதெல்லாம் இல்ல லா. மூடின ரூம்ல பக்கத்துல உட்கார்ந்து இருமறது, சத்தமாப் பேசறது, பாடறது, அதுலதான் ஒட்டுமாம்."

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு ஞாயிறுதோறும் நான் செய்ததைத்தான் அந்த மிஸி சொன்னார்.

முடிவு தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் நான் சோறு தின்றேனா என்று நினைவில்லை. என் வலது நுரையீரலில் மேல் பக்கம் புண். உடனே வார்டில் சேர வேண்டும். அண்ணிக்கும் டீச்சருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை. என் மகனுக்கும் ஒன்றுமில்லை. அக்காவுக்கும் இல்லை. கடைசியாக மிஸி அக்காவின் மகள் பேரை வாசித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். குழந்தைக்கு நெஞ்சில் சின்னதாக ஒரு நிழல் தெரிகிறது, மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், சில மாதம் குழந்தைகள் வார்டில் இருக்கட்டும் என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். மகளின் தலைமுடியைச் சரி பண்ணிவிட்டார். நான் எழுந்து வெளியே போய், அங்கே இருந்த தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மகனைச் செம்பவாங்கில் இருந்த நாத்தனார் அழைத்துக்கொண்டு போனார். நான் வார்டில் சேர்ந்தேன். தினமும் ஊசி, குமட்டும் தூள் மருந்து. பக்கத்துக் கட்டிலில் நேற்றுப் பேசியவர் இன்று இருக்கமாட்டார். வீட்டுக்குப் போனாரா, வேறு எங்கேயாவதா என்று கேட்கப் பயம். கணவர் மட்டும் வந்து பார்ப்பார். வார்டுக்குள் வந்த எந்தத் தாளும் துணியும் வெளியே போகக் கூடாது என்பது கட்டளை. அதனால் யாரும் எனக்குப் புத்தகம் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் நான் படித்திருக்கமாட்டேன். எழுத்தைப் பார்த்தாலே என் கழுத்தில் அந்தக் குழந்தையின் மூச்சு படுகிற மாதிரி இருக்கும்.

இப்படி எத்தனையோ வாரம் போன பிறகு, ஒரு நாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் அக்கா நின்றார்.

குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போர்வையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். அக்கா நேராக வந்தார். எல்லாப் பார்வையாளர்களும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில்தான் நிற்பார்கள். அவர் ஒரு ஸ்டூலை இழுத்து, காற்று அவர் பக்கமிருந்து என் பக்கம் வீசும்படி ஜன்னலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். அதிலும் கறார்.

"புள்ள எப்படிக்கா இருக்கா?" என்றேன்.

"ஊசி போட வந்தா மிஸியக் கடிக்கிறா" என்றார். பைக்குள் கையை விட்டு, இன்னும் தொடர்கதைப் பக்கங்கள் கத்தரிக்கப்படாத வாரப் பத்திரிகையை எடுத்து என் மடியில் வைத்தார். அன்று காலையில்தான் கப்பலில் வந்ததாம். அண்ணியும் டீச்சரும்கூட இன்னும் பார்க்கவில்லையாம். அது திரும்பி வராது என்று தெரிந்துதான் மூன்று பேரும் பேசி முடிவு பண்ணிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள்.

"நான் கதையச் சொன்னா உம் பொண்ணு ஒத்துக்க மாட்டேங்கிறா. சின்னம்மா படிச்சா படகுக்காரனக் கண்டு பயம் வருமாம், நான் சொன்னா பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்காம். நீ படி. நான் கேட்டுட்டுப் போய் அவகிட்ட அப்படியே சொல்றேன்."

தன் மகளை உம் பொண்ணு என்றார். நான் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தேன். "என்னால முடியாதுக்கா. இந்த வாயாலதான..."

அக்கா என்னையே பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை.

"வாயில துணியக் கட்டிக்கிட்டுப் படி. புள்ள காத்திருக்கா" என்றார்.

கட்டிக்கொண்டு படித்தேன். முதல் வரிகள் நடுங்கின. படகுக்காரன் வந்ததும் அவன் குரல் தானாக வந்தது. அக்கா குனிந்து உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து அந்தக் குரலை மனப்பாடம் பண்ணினார். நேரம் முடிந்து மணி அடித்ததும் எழுந்து, குழந்தைகள் வார்டுப் பக்கம் வேகமாக நடந்தார். அடுத்த இதழ் வந்தபோதும் வந்தார். அதற்கு அடுத்ததற்கும் வந்தார்.

குழந்தைதான் முதலில் வீட்டுக்குப் போனாள். பிறகு நான். இன்று அவளுக்கே பேரன் பேத்தி இருக்கிறார்கள். அக்கா இப்போது இல்லை. அந்த நிழல் என்னால்தான் வந்ததா என்று பிற்பாடு டாக்டரைக் கேட்டேன். வேறு யாரிடமிருந்தும் வந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். அக்கா அந்தக் கேள்வியை என்னிடம் கடைசி வரைக்கும் கேட்கவே இல்லை; எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் இன்றும் நான் முதல் வரிக்குப் போகிறேன்.