அக்காவின் அறைக்கு எட்டாத பிரிண்டர்

எங்கள் அலுவலகத்தில் எந்தக் கணினி முரண்டு பிடித்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்கமாட்டேன்.

அத்தான் இறந்தபின் அக்கா மூன்று வருடமாக எங்களோடுதான் இருந்தார். சிங்களப் பத்திரங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பது அவர் தொழில். பிரிண்ட் எடுக்க மட்டும், மழையென்றாலும் பஸ் ஏறி டவுனுக்குப் போவார். பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தன்று சொன்னார்:

"பேராதனையில ஒரு ரூம் பாத்திருக்கேன் தம்பி. கீழயே பிரிண்ட் கடை. ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்."

என்னால் அக்கா இல்லாத வீட்டை நினைக்கவே முடியவில்லை.

"அதுக்காகவா போறீங்க? உங்க ரூம்ல இருந்தே நம்ம பிரிண்டர்ல எடுக்கலாம். பத்து நிமிஷம் குடுங்க."

பிரிண்டர் ஹோலில், என் கணினியோடு இருந்தது. அக்காவின் லெப்டொப்புக்கு அது தெரியவே இல்லை. வெளித்தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வோல்தான் மறிக்கிறது என்று அடித்துச் சொன்னேன். இரண்டு கணினியிலும் அனுமதி கொடுத்தேன். அசையவில்லை. ஃபயர்வோலையே நிறுத்தினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ம்ஹூம். பத்து நிமிடம் பகல் சாப்பாடு வரை நீண்டது. "நிபுணருக்கு டீ" என்று மனைவி கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் இரண்டு கணினிகளின் முகவரி எண்களையும் தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு எண்களில் மூன்றாவது வேறாக இருந்தது; ஒரே இணைப்பென்றால் அது ஒன்றாக இருக்கவேண்டும். ஒரே வீட்டில் இரண்டும் வெவ்வேறு இணைப்பில் இருந்தன.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்கா வந்த அன்று, வருபவர் போகிறவருக்கென்று நான் வைத்திருந்த வைஃபையில்தான் அவரைச் சேர்த்தேன். வீட்டுப் பாஸ்வேர்டு ஒருவருக்குத் தெரிந்தால் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிடும் என்று எனக்குப் பயம். அந்த இணைப்பில் இருப்பவருக்கு இன்டர்நெட் கிடைக்கும், வீட்டில் உள்ள வேறெதையும் தொட முடியாது. ஃபயர்வோல் மீது ஒரு குற்றமும் இல்லை. அதைத் திரும்பப் போட்டுவிட்டு அக்காவிடம் போனேன்.

"தப்பு என்னோடதுதான் அக்கா. உங்களை விருந்தாளிங்க வைஃபைல போட்டிருக்கேன்."

"தெரியும் தம்பி. லெப்டொப்பத் தொறக்கிறப்பல்லாம் அந்தப் பேருதானே காட்டுது. அதான் பிரிண்டரைக் கேக்கல."

வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுப் பாஸ்வேர்டைத் தட்டினேன், தாளிலும் எழுதிக் கொடுத்தேன். ஹோலில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

"இதை யாருக்கும் சொல்லக்கூடாதா?"

"அது உங்க இஷ்டம் அக்கா."

தாளை மடித்து வைத்துவிட்டு, அக்கா பேராதனை அறையின் சொந்தக்காரருக்கு ஃபோன் கோல் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றார்.