இந்தி எழுத்தில் ஒரு நேயர் விருப்பம்

என் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது. தினசரி காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் இந்தி எழுத்தில் ஐந்து வார்த்தை. எழுதியது என் மதினி, சந்துக்கே துணி தைத்துக் கொடுத்தவள். எழுத்துதான் இந்தி, வார்த்தைகள் தமிழ். தாராவியில் கோயில் கொடைக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைத்தால், வேண்டிய பாட்டை இப்படிச் சீட்டில் எழுதிக் கைமாற்றிக் கைமாற்றி மேடைக்கு அனுப்புவோம். பாடுகிறவர் எங்கள் சந்துக்காரர். தமிழில் உருக்கிவிடுவார், ஆனால் இந்திப் பள்ளியில் படித்தவர் என்பதால் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. மற்றவர்களின் சீட்டைத் தபலாக்காரர் படித்துச் சொல்ல வேண்டும். மதினியின் சீட்டை மட்டும் அவரே பிரித்து, "தையல் மிஷின் மதினி கேட்ட படகுப் பாட்டு" என்பார். அது என் அண்ணனுக்குப் பிடித்த பாட்டு. கூட்டம் சிரிக்கும், அண்ணன் வெட்கப்பட்டு டீ குடிக்க நழுவிவிடுவான்.

இன்று அவருக்குச் சென்னையில் வீடு, போனில் லட்சக்கணக்கில் ரசிகர்கள்; எழுதினால் அவர் பேரில் பதிலும் வரும். அண்ணன் இறந்தபின் மகளோடு மும்பையிலேயே திலக் நகருக்கு வந்துவிட்ட மதினியும் அவர்களில் ஒருத்தி. "கொழுந்தனாரே, பதில் போட்டுருக்காரு பாரும்" என்று ஒருநாள் போனை நீட்டினாள். 'தங்கள் துயரில் என் குரல் துணை நிற்கும், அம்மா.' ஒரு பிழை இல்லை. எனக்கு அங்கேயே உறுத்தியது. பால்காரர் ஊற்றும்போதே பாலில் விரலை விட்டுப் பார்க்கிறவன் நான். அ, ஆ தெரியாதவர் இப்படி எழுதுவாரா? மதினி எப்போது அம்மா ஆனாள்?

"அவரு சொல்லச் சொல்ல யாராவது எழுதுவாங்க. உமக்கு எதுலதான் சந்தேகம் இல்ல" என்றாள். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தது, கடைசியில் அவனிடம் சொல்லாமல் விட்டது என்று எங்களிடம்கூடப் பேசாததையெல்லாம் அந்தப் போனுக்குள் எழுதினாள். எவன் உட்கார்ந்து படிக்கிறானோ என்று எனக்குப் பதறியது.

தாராவிக்குப் பக்கத்தில் சயானில் அவர் கச்சேரி வந்தது. மதினி படகுப் பாட்டைக் கேட்டு எழுதியிருந்தாள். 'உங்களுக்காகக் கட்டாயம் பாடுவேன்' என்று பதில் வந்திருந்தது. நானும் கூடப் போனேன். கடைசிப் பாட்டு முடிந்து விளக்கெல்லாம் போட்ட பிறகும் மதினி எழுந்திருக்கவில்லை. அந்தப் பாட்டு வரவே இல்லை. மறுநாள் காலை போனில் செய்தி: 'நேற்று உங்களுக்காகப் பாடியதில் பெருமகிழ்ச்சி, அம்மா.'

'நான் சொன்னேனே' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். மதினி போனை வாங்கி இந்தி எழுத்துக்கு மாற்றினாள். பழைய சீட்டுகளில் எழுதுவதைப் போலவே எழுதினாள்: தையல் மிஷின் மதினி, படகுப் பாட்டு. அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். குக்கர் அடங்குவதற்குள் பதில் வந்துவிட்டது.

'மன்னிக்கவும் அம்மா. தயவுசெய்து தமிழில் எழுதவும்.'

நான் படித்துக் காட்டினேன். மதினி அழவில்லை. கைப்பையிலிருந்து இந்தச் சீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். முன்பக்கம் கச்சேரி நாளின் தேதி இருந்தது. அப்படியென்றால் அவளுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது.

"சயானுக்கும் ஒண்ணு எழுதிக் கொண்டுட்டுதான் வந்தேன்" என்றாள். "அங்க எல்லார் கையிலயும் போனு. சீட்ட வாங்கிக் குடுக்க ஒரு கை இல்ல."