பெரிய மருவில் போட்ட ஊசி

பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஆட்காட்டி விரலில் ஒரு மரு வந்தது. ஆறு மாதத்தில் இரண்டு கைகளிலுமாகப் பதினொன்று. சுண்ணாம்பு வைத்துச் சுட்டேன். டாக்டர் ஒருவரிடம் போய் எரித்துக்கொண்டேன். புண் ஆறியதும் அதே இடத்தில் திரும்ப முளைத்தன.

ஒருநாள் காலையில் ஒரு தாய் தன் எட்டு மாதக் குழந்தையை என்னிடம் நீட்டினாள். என் விரல்களைக் கண்டதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் கோபப்படவும் முடியவில்லை. அன்றே பொறுப்பாளர் என்னைப் பின்னறைக்கு மாற்றினார். ஜன்னல் இல்லாத அறை. நாள் முழுக்க விரிப்புகளைத் துவைப்பேன், வெந்நீர் வைப்பேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழுவது எந்தக் குழந்தை, எதற்கு அழுகிறது என்பது குரலிலேயே தெரியும். போய்த் தூக்க முடியாது. வேலையை விட்டால் கொழுந்து மலைதான். என் முதுகு அதற்கு ஆகாது.

பதுளையில் தோல் டாக்டரைப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னார்.

"எரிச்சா மேல உள்ளதுதான் போகும். உள்ள கிருமி இருக்கிறது உங்க உடம்புக்கே தெரியலைங்க. பெரிய மருவுல தடுப்பூசி மருந்தைப் போட்டா உடம்பு முழிச்சுக்கும். மத்ததையும் அதுவே அழிச்சிரும்."

"கட்டாயம் போயிருமா?"

"எல்லாருக்கும் போகும்னு சொல்ல முடியாதுங்க."

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. முதல் ஊசிக்கு விரல் வீங்கிக் காய்ச்சல் வந்தது. இரண்டாவதுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. பசறை பஸ்ஸில் திரும்பும்போது, இனிமேல் இந்தப் பின்னறைதான் என்று நினைத்து அழுதேன்.

மூன்றாவதுக்குப் பிறகு, ஊசியே படாத இடது கையில் ஒரு மரு கறுத்துத் தட்டையானது. நான்காவது ஊசி போட்ட மாதத்தில் எல்லாம் உதிர்ந்தன.

பொறுப்பாளர் என்னைத் திரும்பப் பிள்ளைகளிடம் விட்டார். அந்தத் தாய் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தந்தாள். குழந்தை அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தது. என்னை அடையாளம் தெரியாமல் வீறிட்டு அழுதது.

"ரெண்டு நாள்ல பழகிருவா அக்கா," என்றாள் அவள்.

ஒரு வாரம் ஆனது.