படகுக்கு ஒரு கடிதம்

மகன் நான்காவது தாளையும் கசக்கி எறிந்தான். லீவுக் கடிதமாம். அந்தச் சத்தம் கேட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

என் சின்ன வயதில், மலாயாவில், கோத்தா திங்கிக்கு மேலே ஆற்றோரம் அப்பா கூலி வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில், இங்கிலீஷில் எழுதிக் கொடுக்காவிட்டால் துரை ஆஸ்பத்திரிக்குப் படகு தரமாட்டார். அம்மா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். அப்பா என்னை இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். அங்கே கணக்கும் கடிதமும் எழுத இரண்டு கிராணிகள் இருந்தார்கள்.

"'டவுன் வித் பீவர்' எண்டுதான் எழுத வேணும். யாழ்ப்பாணத்தில எங்களுக்கு அப்பிடித்தான் படிப்பிச்சவை" என்றார் பெரிய கிராணி.

"மெட்ராஸ்ல 'சஃபரிங் ஃப்ரம்'னுதாங்க எழுதுவோம்" என்றார் சின்னக் கிராணி.

ஒருவர் எழுத, மற்றவர் கசக்கினார். அப்பா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

"எதையாச்சும் எழுதுங்க சாமி!"

குற்றமில்லாத கடிதத்தோடு ஆற்றங்கரைக்கு வந்தபோது, படகு ரப்பர் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது.

மறுநாள் அம்மாவை அடக்கம் செய்ய அப்பா லீவு கேட்டார். அந்தக் கடிதத்தை மட்டும் கிராணிகள் இருவரும் ஒரே தாளில் எழுதி முடித்தார்கள்.

மகன் ஐந்தாவது தாளுக்குக் கை நீட்டினான். தரையில் கிடந்த முதல் தாளை எடுத்து, தடவி நிமிர்த்தி, அவன் முன்னால் வைத்தேன்.

"இதையே கொண்டுபோய்க் குடுடா."