குழலுக்குள் இருந்த மருந்து

தீப்பெட்டி லேபிளுக்குப் படம் வரைவது என் வேலை. ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் இருந்தேன். ஒருமுறை இரட்டை வாள் மார்க் லேபிளுக்கு ஆர்டர் வந்தது. நான் வரைந்து கொடுத்ததை முதலாளி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே, இது வாளா, வாழை எலையா? நீ வாளைக் கண்ணுல பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. நாடகக்காரர்களின் தகர வாள்தான் எனக்குத் தெரிந்த வாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப்போய், சாத்தூரில் ஒரு பழைய இரும்புக் கடையில், தேய்ந்த ஏர்க் கொழுக்களுக்கு அடியில் கிடந்த வாள் ஒன்றைப் பிடித்தேன். கைப்பிடியின் தலையில் குட்டித் தட்டு மாதிரி ஒரு வட்டம். துருவைத் தேய்க்கத் தேய்க்க, வெள்ளிக் கம்பி இழைத்த கொடி ஒன்று மெல்ல வெளியே வந்தது. லேபிள் நன்றாக அமைந்துவிட்டது. எனக்குத்தான் அந்த ஆசை அதோடு நிற்கவில்லை.

அப்புறம் விருதுநகர்க் கிட்டங்கி ஒன்றில் உளுந்து மூட்டையைக் குத்திப் பார்க்கும் கம்பியைக் கண்டேன். மூன்று பட்டை, அடியில் வளைந்த வெட்டோடு ஒரு சின்னக் குழாய்.

"என்ன, அதையே பாக்கீக?" என்றார் எடை போடுகிறவர்.

"இது துப்பாக்கி முனையில மாட்டுற பயனெட் அண்ணாச்சி. பட்டாளத்துச் சாமான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நானறிய இது உளுந்தைத் தவிர யாரையும் குத்தலயே!" கொல்லரிடம் சொல்லி அவருக்குப் புதுக் குத்தூசி செய்துகொடுத்து, பயனெட்டை வாங்கி வந்தேன்.

இப்படிச் சேர்ந்த நாலைந்து சாமான்களால், 'பழைய ஆயுதம் பார்க்கிறவர்' என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை நம்பித்தான், இருக்கன்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து நிலபுலம் உள்ள ஒரு சம்சாரி ஆள் அனுப்பினார். மச்சைப் பிரித்துக் கட்டும்போது நீளத் துப்பாக்கி ஒன்று அகப்பட்டதாம். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் முன்னால் அது எந்தக் காலத்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய நாட்டுத் துப்பாக்கி அது. வாளைப் பற்றி எனக்கு ஏதோ தெரியும். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பெரிய மனுஷன் மாதிரி முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "குழலுக்கு அடியில எழுத்து இருக்கும். குழல் கட்டையோட துருவேறி இறுகியிருக்கு. கொஞ்சம் தணல்ல காட்டினா இளகிக்கிடும்" என்றேன்.

"தாயி, அடுப்புல இருந்து தணல் அள்ளிட்டு வா" என்று அவர் உள்ளே குரல் கொடுத்தார்.

அவருடைய மருமகள் சட்டியில் தணலோடு வந்தாள். என் மடியில் கிடந்ததைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சட்டியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"அண்ணே, உள்ள மருந்து இருக்கான்னு பாத்தீகளா?"

"எந்தக் காலத்துச் சாமானோ. இன்னுமா இருக்கும்?"

"மருந்துக்கு வயசு கெடையாதுண்ணே. வாயை ஆளில்லாத பக்கமாத் திருப்பி வைங்க."

சொன்னபடி வைத்தேன். விறகுக்கு அடுக்கியிருந்த பருத்திமாரிலிருந்து நேரான குச்சி ஒன்றை உருவி, பக்கவாட்டில் நின்றபடி குழலுக்குள் மெதுவாக இறக்கினாள். அது முட்டி நின்றதும், குழல் வாயோரம் குச்சியில் நகத்தால் கீறினாள். பிறகு குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் படுக்கவைத்து அளந்தாள். நெருப்புப் பிடிக்கிற துளைவரைக்கும் போயிருக்க வேண்டிய குச்சி, நாலு விரல்கடை முன்னாலேயே நின்றது.

"கெட்டிச்சுத்தான் வச்சிருக்காக" என்றாள்.

தணல் சட்டி இருந்த கொல்லைப்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அவளே குழலில் தண்ணீர் ஊற்றி, ரெண்டு நாள் ஊறவைக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் போனேன். திருகுக் கம்பியால் குடைந்து குடைந்து எடுத்தாள். முதலில் தேங்காய் நார், அப்புறம் ஈயக் குண்டுகள், கடைசியில் கருப்புச் சேறு. ஒரு கை நிறைய இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவளாம். அந்தப் பேச்சு வெளியே வரக்கூடாது என்று புகுந்த வீட்டில் கட்டளை. சம்சாரி வீட்டு மருமகள் கூலிக்குப் போனவள் என்றால் கௌரவக் குறைச்சலாம். மாமியார் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. சொல்லும்போது அந்தம்மாள் மருமகளின் கரிபிடித்த கையைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனுக்குச் சம்சாரியோடு நானும் துணைக்குப் போனேன். "மருந்தை எடுத்தது யாரு?" என்று கேட்டார் ஏட்டையா. சம்சாரி என்னைத்தான் கைகாட்டுவார் என்று நினைத்தேன்.

"என் மருமக. அச்சங்குளத்துக் கம்பெனியில மருந்து பாத்த பிள்ளை அது" என்றார். அங்கே பெஞ்சில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, ஒருமுறைக்கு இரண்டுமுறை சொன்னார்.

அதற்குப் பின்னும் நான் பழைய ஆயுதங்களைத் தேடி அலைந்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் கூசியதில்லை. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், இன்று இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனையும் தணலோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்ட அந்தப் பெண் கொடுத்தது. அவள் வாழட்டும்.