அப்கிரேட் முடிந்ததும் அசந்துபோன கீபோர்டுகள்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. பல் டாக்டரிடம் போவதுபோலத்தான் வருவார்கள். சிங்கப்பூர் எல்லைக்கு அருகே, ஸ்கூடாய் நகரில் என் கடை. கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்து புதுப் பதிப்புக்கு மாறிய மறுநாள், தட்டிய எழுத்து ஆடி அசைந்து வந்து நிற்கும் வேதனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம்மைப்போல் அவதிப்பட்ட சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

அமுக்கினால்தான் வரும்

ரெங்கம் என்ற ஊரிலிருந்து தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். மறுநாள் பரீட்சை, கேள்வித்தாள் பாதியில் நிற்கிறது. "ஒவ்வொரு எழுத்தையும் அமுக்கிப் பிடிச்சாதான் வருது தம்பி, விரலெல்லாம் வலிக்குது" என்றார்.

கீபோர்டு டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். பலனில்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது. கை நடுங்குகிறவர்களுக்காக, லேசான தட்டலைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்க ஷிஃப்டைச் சற்று நேரம் அமுக்கியே வைத்தால், 'இதைப் போடவா?' என்று திரையில் கேட்கும். அப்கிரேட் முடிந்த அன்று ஏதோ கேட்டதாகவும், படிக்காமலே 'ஆமாம்' கொடுத்துவிட்டதாகவும் டீச்சர் ஒப்புக்கொண்டார். அதை நிறுத்தினேன். எழுத்துகள் மளமளவென்று ஓடின. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேள்விய முழுசா படிச்சிட்டு பதில் எழுதுங்கன்னு பிள்ளைங்ககிட்ட தினமும் கத்துறேன் தம்பி!"

முதல் எழுத்து காணோம்

பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் போன் செய்தார். ஆர்டர் தட்டும்போது முதல் எழுத்து மட்டும் விழுவதில்லையாம். போய்ப் பார்த்தேன். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, புதுப் பதிப்பு கீபோர்டை அடிக்கடி தூங்க வைத்துக்கொண்டிருந்தது. முதல் தட்டலில் அது எழும்; இரண்டாவதுதான் திரைக்கு வரும். அதை நிறுத்திவிட்டு விளக்கிச் சொன்னேன்.

"ஐயோ, அலமாக்! மத்தியானக் கூட்டத்துல நானே உட்காரல, இதுக்கு யாரு தூங்க பெர்மிஷன் கொடுத்தா?"

மூன்று மணிக்குச் சோதனை

ஒருநாள் மதியம் ஒன்றரை மணிக்குக் கவிதா என்ற பெண் ஓடி வந்தாள். வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சிங்கப்பூர் அலுவலகம் ஒன்று மூன்று மணிக்கு இணையத்தில் தட்டச்சுச் சோதனை வைத்திருந்தது. அவள் லேப்டாப்பிலோ ஒரு வரி தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கண் கலங்கியிருந்தது.

பழைய வைரஸ் தடுப்பு மென்பொருளும், அப்கிரேடோடு வந்த புதியதும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பழையதை நீக்கி முடிக்கும்போது மணி இரண்டே முக்கால். வீட்டுக்குப் போக நேரமில்லை. என் மேசையை ஒதுக்கிக் கொடுத்தேன். காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் போனை அணைத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது எனக்கே வியர்த்திருந்தது.

மறுவாரம் கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு வந்தாள்.

"வேலை கிடைச்சிருச்சிண்ணே! அந்த ஆபீஸ்லயும் கீபோர்டு ஸ்லோதான், உங்க பேரச் சொல்லி வச்சிருக்கேன்."

கீபோர்டைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் போதுமாக இருந்தது. 'நல்லாத்தானே ஓடுச்சி, ஏன் அப்கிரேட் பண்ணீங்க?' என்று கேட்காமல் இருக்கத்தான் பத்து வருஷம் பிடித்தது.