அக்கா வாயில் வந்த ‘நம்ம வீடு’

கொரோனா அடங்கின மறு வருஷம், பங்குனி மாதத்தில் ஒரு நாள், கோர்ட்டு அமீனா வாசலில் நின்று என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் தறியில் இருந்தார். நான்தான் போனேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு, இது சம்மன் என்றார். வாங்கிக்கொண்டேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, போய்க் கஞ்சியை வடித்தேன். அழுகை வரவில்லை. பயம்கூட உடனே வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போன மாதிரி இருந்தது. அந்த மரப்பு வழக்கு முடிந்த பிறகும்கூட என்னை விடவில்லை.

என் பெயர் அலமேலு. ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பம். ஏழாவதோடு படிப்பை விட்டவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு கெங்கையம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

வழக்குப் போட்டது அந்நியர் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன் பாபு. கூடவே அவன் அம்மா, என் ஓரகத்தி சரோஜா அக்கா பெயரையும் சேர்த்திருந்தான். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்து, கூலியை ஒன்றாகப் போட்டு வாங்கின வீடு அது. பத்திரத்தை மூத்தவர் பெயரில் எழுதினோம். எங்கள் குடும்பத்தில் எல்லாமே அப்படித்தான். தம்பி பெயரையும் போடுங்கள் என்று கேட்டால் மூத்தவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த மூத்தவரைக் கொரோனா கொண்டுபோய்விட்டது.

பாபு கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். புடவைக் கடை வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒரு நாள் தறிக் கூடத்து நிலைப்படியில் நின்றுகொண்டு, “சித்தி, இந்தப் பள்ளத்த மூடிட்டு கட கட்டப் போறேன். நீங்க வேற வூடு பாத்துக்கங்க. பேஜார் பண்ணாதீங்க” என்றான். நாங்கள் மறுத்தோம். அவன் கோர்ட்டுக்குப் போய்விட்டான்.

எங்களுடையது குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்வது. தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடலாம். பள்ளத்தை எதில் ஏற்றுவது? எந்த வாடகை வீட்டுக்காரர் தன் தரையைத் தோண்ட விடுவார்? வேறு தொழில் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பாத்திரம் விளக்கும்போதும் இதுதான், பஸ்ஸில் போகும்போதும் இதுதான் நினைப்பு. பிறவியிலேயே நான் கவலைக்காரி. தாழ்ப்பாள் போட்டேனா, கேஸை அணைத்தேனா என்று பாதித் தெரு போய்விட்டுத் திரும்புகிறவள். எனக்கு ஒரு வழக்கும் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எல்லோரும் அதே வீட்டில்தான் இருந்தோம். முன் பக்கம் அக்காவும் பாபுவும், பின் பக்கம் நாங்கள், நடுவில் தறிக் கூடம். முற்றத்தில் ஒரே குழாய். நகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முன்பெல்லாம் யார் காதில் முதலில் சத்தம் விழுகிறதோ அவர் மற்றவரைக் கூப்பிடுவார். சம்மன் வந்த நாளிலிருந்து அக்கா கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்திவிட்டேன். அவர் குடம் தரையில் இடிக்கிற சத்தம் கேட்டால் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன். அவர் பிடித்துக்கொண்டு போன பிறகு நான் போவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். இவ்வளவு வருஷம் கூடவே இருந்தவரிடம் பேசாமல் இருப்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்பீர்கள். கஷ்டம்கூடத் தெரியவில்லை. மரத்த இடத்தில் கிள்ளினால் என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். ஆனால் வேண்டுதல் வராது. அம்மன் எதிரே நின்றுகொண்டு, பின் கதவைச் சாத்தினேனா என்று யோசிப்பேன். பூசாரி ஒரு தடவை, “இன்னாம்மா, அம்மாவாண்ட வந்து நின்னுகினு வூட்டையே நெனச்சிகினு கீறியே” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். வீட்டை என்று அவர் சொன்னதும் நான் குங்குமம்கூட வாங்காமல் திரும்பிவிட்டேன்.

வாய்தா மேல் வாய்தாவாக இரண்டு வருஷம் போனது. விசாரணை நெருங்கும்போது எங்கள் வக்கீல் என் வீட்டுக்காரரைக் கூட்டிவைத்துப் பழக்கினார். கூண்டில் ஏறினால் இப்படிக் கேட்பார்கள், இப்படிச் சொல்லுங்கள் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, “சரி, வீடு யாருது?” என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, “அண்ணன் பேர்லதாங்க கீது” என்றார்.

வக்கீல் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். “நீங்க அவங்களுக்கே சாட்சி சொல்லிடுவீங்க போலக்கீதே.”

அது ஆடி மாதம். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் கூழ் வார்த்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேண்டுதல் என்று ஒன்று வந்தது. ஜெயிக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ‘தாயே, என் வீட்டுக்காரருக்குப் பேசத் தெரியாது. அவர் வாயில் நீ ஒரே ஒரு வார்த்தையை வை’ என்றேன். அவ்வளவுதான். கூழை வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வழக்குப் போட்டவர்களைத்தான் முதலில் விசாரிப்பார்களாம். பாபுவுக்கு அப்புறம் அக்காவின் முறை. டவாலி பெயரைக் கூப்பிட்டார். அக்கா கூண்டில் ஏறி நின்றார். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம், “எங்க வூடுங்க, எங்க வூட்டுக்காரர் வாங்கனதுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வக்கீலுக்கும் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. சமையல் எங்கே, கதவு எத்தனை என்று என்னென்னவோ கேட்டார். பிறகு, தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள் என்றார்.

“நம்ம வூட்டுக்கு ஒரே கொழாதாங்க” என்றார் அக்கா.

ஜட்ஜ் ஐயா தலையை நிமிர்த்தினார். பாபுவின் வக்கீல் சட்டென்று எழுந்து, எங்க வீடு என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே பதிவு செய்துகொள்ளலாம் என்றார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொன்னார்.

“இவ்ளோ நேரம் எங்க வீடுன்னு சொன்னீங்க. இப்ப நம்ம வீடுன்றீங்க. என்னையும் சேத்தாம்மா?”

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாபுகூடச் சிரித்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். சம்மன் வந்த பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இல்லீங்க. அவளச் சேத்து.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஜட்ஜ் ஐயா பொறுமையாக மேலே கேட்டார். இரண்டு தறிக் கூலியும் ஒன்றாகத்தான் போட்டோம், மூத்தவர் என்று இவர் பெயரில் எழுதினார்கள் என்று அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

வெளியே வராந்தாவில் பாபு, “இன்னாம்மா இப்புடிப் பண்ணிட்ட?” என்று கேட்டான்.

“வாயில வந்துட்ச்சிடா. நான் வேணும்னா சொன்னேன்?” என்றார் அக்கா. இதை நான் என் காதால் கேட்டேன். அவர் வாயில் அந்த வார்த்தையை வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வாயில் வை என்றுதான் நான் கேட்டேன். எந்த வாயில் வைத்தால் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பெற்ற தாயே சொன்ன பிறகு பாபுவால் நிற்க முடியவில்லை. சமரசமாகப் போகச் சொன்னார்கள். பேசிப் பேசிக் கடைசியில் முன் பாதி அவர்களுக்கு, தறிக் கூடமும் பின் பாதியும் எங்களுக்கு, குழாய் மட்டும் பொது என்று முடிந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் எங்கள் பங்கு என் வீட்டுக்காரர் பெயரில் பதிவானது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதும் ஒன்றும் இல்லை. கொடியில் போட்டிருந்த துணி நனையுமோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு செய்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லையே, நன்றி கெட்டவளாகிவிட்டேனோ என்று அதற்கும் ஒரு கவலை.

நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. முற்றத்துப் பக்கம் மட்டும் திறப்பு. சுவர் காய்ந்துகொண்டிருந்த ஒரு விடியற்காலை, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள்.

“அலமேலு, நம்ம கொழால தண்ணி வந்துகினு கீது. ஜல்தி வா. நின்னுடப் போவுது.”

குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா தன் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு எனக்கு இடம் விட்டார். என் குடம் நிரம்பி வழிந்தது. அதை எடுக்கத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா குழாயை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் வராதது அன்றைக்கு வந்தது. கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

இப்போதும் நான் கவலைக்காரிதான். கேஸை அணைத்தேனா என்று இன்றைக்கும் பாதித் தெருவிலிருந்து திரும்புகிறேன். ஆனால் அம்மன் எதிரே நிற்கும்போது கதவு நினைப்பு வருவதில்லை. வழக்கில் மாட்டி, வேண்டுதல்கூட வராமல் மரத்துப்போய் நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குச் சொல்கிறேன். வராவிட்டால் பரவாயில்லை. போய்ச் சும்மா நில்லுங்கள். ஒரு நாள் ஒரு வார்த்தை வரும், அதைக் கேளுங்கள். அதற்குப் பதிலை எந்த வாயில் வைக்க வேண்டும் என்று அவள் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் தெரு அம்மன் என்று எழுத ஆரம்பித்தேன். அது சரியில்லை. நம்ம அம்மன். உங்களையும் சேர்த்துத்தான்.